பச்சை மூடிக்காரரின் பல்

பேரன்பும் பெருமதிப்பும் கொண்ட அக்காவுக்கு,

உன் தம்பி எழுதிக்கொள்வது. நீயும் அத்தானும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உன் தம்பி பெண்டாட்டி நலம், பிள்ளைகள் நலம், போன மாதம் ஒழுகிக்கொண்டிருந்த தண்ணீர்த் தொட்டி கூட இப்போது நலம். நான் ஒருவன்தான் நலமாக இல்லை. எழுத்து கோணலாக இருந்தால் பேனாவைக் குறை சொல்லாதே. போனை எடுத்துப் பேசாமல் இவன் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று நீ கேட்பாய். வீட்டில் பேசினால் உன் தம்பி பெண்டாட்டி காதில் விழும், அலுவலகத்தில் பேசினால் எல்லார் காதிலும் விழும். அதோடு நான் 'பல்' என்று வாயெடுத்ததுமே நீ சிரிக்க ஆரம்பித்துவிடுவாய். கடிதத்தைப் படித்து நீ எவ்வளவு சிரித்தாலும் எனக்குக் கேட்கப்போவதில்லை. ஆனால் சிரித்து முடித்த பிறகு என்னைக் காப்பாற்று. உன்னை விட்டால் எனக்கு வேறு நாதியில்லை.

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று அத்தான் ஒவ்வொரு முறையும் கேட்பார், நானும் ஒவ்வொரு முறையும் சொல்வேன், அவரும் ஒவ்வொரு முறையும் "அப்படியா" என்பார். இந்தத் தடவை எழுத்தில் இருக்கட்டும், அவருக்கும் படித்துக் காட்டு. பல்லுக்கு நடுவில் உயிருள்ள சதை ஒன்று இருக்கிறது, பல்கூழ் என்று பெயர். பிடுங்கிக் குப்பையில் போடுகிற ஞானப் பல்லை உடைத்து, அந்தக் கூழிலிருக்கும் ஸ்டெம் செல்களை எடுத்துத் தட்டில் வளர்த்து, செத்துப்போன பல்லுக்குள் வைத்து அதற்கு மறுபடி உயிர் கொடுக்க முடியுமா என்று எங்கள் மாடியில் ஆராய்ச்சி நடக்கிறது. ஆராய்ச்சி பல்கலைக்கழகத்துடையது. அதை நாளைக்கு மருந்தாக்கி ஊருக்கெல்லாம் கொண்டுபோகப் போவது ஒரு பெரிய நிறுவனம். இந்த இரண்டு பேரையும் ஒரே மேசையில் உட்கார வைத்து, இவர் சொன்னதை அவருக்குப் புரியும்படியும் அவர் சொன்னதை இவருக்குக் கோபம் வராதபடியும் மாற்றிச் சொல்கிற இணைப்பு அலுவலர் நான். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அந்த மத்தளத்துக்கு மாதச் சம்பளமும் ஒரு மேசையும் கொடுத்தால் அது நான்தான்.

பல்கலைக்கழகத்தின் பக்கம் பேராசிரியர் அம்மா. மகா அறிவாளி. எதைக் கேட்டாலும் "பார்க்கலாம்" என்பார். நிறுவனத்தின் பக்கம் திட்ட மேலாளர். அவர் எதைச் சொன்னாலும் முதல் வார்த்தை "எப்ப?" என்பதால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் காலண்டர். "எப்ப முடியும் மேடம்?" என்பார். "பார்க்கலாம்" என்பார் அம்மா. அவர் என்னைப் பார்ப்பார். நான் "விரைவில் என்கிறார்" என்பேன். அம்மா என்னைப் பார்ப்பார். நான் "அவசரம் இல்லை என்கிறார்" என்பேன். இப்படியே இரண்டு வருடமாக இந்த ஒத்துழைப்பு நல்லபடியாக ஓடிக்கொண்டிருந்தது. இருவருக்கும் நடுவில் ராப்பகலாக உழைக்கிற ஆராய்ச்சி மாணவி ஒருத்தி இருக்கிறாள். மாணவி என்றதும் சின்னப் பெண் என்று நினைக்காதே, இரண்டு பிள்ளைக்குத் தாய். லீவு நாளிலும் ஓடி வந்து தட்டுகளில் செல்களுக்குத் தீனித் திரவம் மாற்றுவாள். மாற்றும்போது "சாப்பிட்டீங்களா, நல்லா வளருங்க" என்று அவற்றோடு பேசுவாள். அவளுடைய பட்டமும் அதற்குப் பிறகான வேலையும் அந்தத் தட்டுகளில்தான் இருக்கின்றன.

இப்போது நீ இங்கே வந்திருந்த அந்த நாளை நினைத்துப் பார். என் கடைவாயில் கோணலாக முளைத்த ஞானப் பல்லால் நான் வாயைத் திறக்க முடியாமல் கிடந்தேன். எங்கள் கட்டடத்தில் கீழ்த்தளத்தில்தான் பல் மருத்துவமனை, இரண்டாவது மாடியில் என் மேசை. ஆனாலும் நான் அந்தப் படியை மிதிக்காமல் பின்வாசல் வழியாகவே ஆறு மாதம் வேலைக்குப் போய்வந்தேன். நீதான் என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாய். நான் நாற்காலியின் காலைக் கட்டிக்கொண்டதும், டாக்டர் கையைப் பிசைந்ததும், நீ "எனக்கும்தான் இந்தப் பக்கம் ஒண்ணு குத்துது டாக்டர். நான் பக்கத்து நாற்காலியில உக்காருறேன், என்னோடதையும் எடுங்க. இவன் பாத்து கத்துக்கட்டும்" என்று சொன்னதும் உனக்கு மறந்திருக்காது. இரண்டு நாற்காலிக்கும் நடுவில் கையை நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாய். நான் உன் விரலை நெரித்த நெரிப்பில் பல்லை விட விரல்தான் வலித்தது என்று பிறகு சொன்னாய். ஊருக்குப் போனதும் முகம் வீங்கி ஒரு வாரம் படுத்துவிட்டாய் என்றும், "உயிரே போனாலும் இனி அந்த நாற்காலியில உக்கார மாட்டேன்" என்று சத்தியம் செய்தாய் என்றும் அத்தான் சொன்னார். உன் மாதிரி தைரியசாலிக்கே அந்தக் கதி என்றால் என் நிலைமையை நீயே யோசித்துப் பார்.

பிடுங்கிய இரண்டு பல்லையும் ஆராய்ச்சிக்குத் தருகிறோம் என்று நாம் கையெழுத்துப் போட்டோம் அல்லவா? நர்ஸ் அவற்றை இரண்டு குழாய்களில் போட்டு, ஒன்றுக்குப் பச்சை மூடியும் ஒன்றுக்குச் சிவப்பு மூடியும் போட்டாள். எந்த மூடி யாருடையது என்பது அவளுடைய பதிவேட்டில் மட்டும் இருக்கும், மேல்மாடிக்குத் தெரியக் கூடாது என்பது விதி. கன்னத்தில் பஞ்சை அமுக்கிக்கொண்டு இரண்டையும் மாடிக்குக் கொண்டுபோனவன் நான்தான். சிவப்பு மூடியில் நாலே நாளில் பூஞ்சை பிடித்து, கொட்டிவிட்டார்கள். பச்சை மூடி வளர்ந்தது பார், அப்படி ஒரு வளர்ச்சி. இதுவரை வந்த எந்தப் பல்லும் அப்படி வளர்ந்ததில்லையாம். மாணவி துள்ளிக் குதித்தாள், பேராசிரியர் அம்மா "பார்க்கலாம்" என்பதையே மறந்து "அடடா" என்றார், காலண்டர் முதல்முறையாக "எப்ப?" என்று கேட்காமல் வாயைப் பிளந்தார். எனக்கு மட்டும் உள்ளுக்குள் தெரியும். அன்று காலை நீ அவசரத்தில் சரியாகப் பல்கூடத் துலக்காமல், வழியில் இனிப்பு ரொட்டி வேறு சாப்பிட்டுவிட்டு வந்தாய். நானோ பயத்தில் மூன்று தடவை துலக்கி, மருந்துத் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு வந்தேன். ஆகவே பூஞ்சை நீ, பச்சை நான். தப்பாக நினைக்காதே, அக்கா. சின்ன வயதிலிருந்து நீதான் எல்லாவற்றிலும் முதல். என் உடம்பிலிருந்து ஒன்றே ஒன்று சொன்ன பேச்சைக் கேட்டு வளர்ந்தது என்று எனக்கும் கொஞ்சம் தலை கனத்தது உண்மை.

அந்தக் கனத்துக்குத்தான் இப்போது அடி விழுந்திருக்கிறது. செல்லுக்கும் வயதாகும், அக்கா. பிரித்துப் பிரித்து வளர்த்தால் ஒரு கட்டத்தில் கிழடு தட்டி நின்றுவிடும். அதனால் ஆரம்பத்திலேயே இளம் செல்களில் ஒரு பங்கை உறைய வைத்துப் பத்திரப்படுத்த வேண்டும். பத்திரப்படுத்தினோமா என்று போன கூட்டத்தில் காலண்டர் கேட்டார். "அது உங்க குளிர்பெட்டியிலதானே இருக்கு" என்றார் அம்மா. "எங்க கிட்டயா? உங்க கிட்டன்னுல்ல நெனச்சோம்" என்றார் அவர். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் சுவரைப் பார்த்தேன். அவர்கள் வீட்டில் சாப்பிட்டிருப்பான் என்று இவர்களும் இவர்கள் வீட்டில் சாப்பிட்டிருப்பான் என்று அவர்களும் இருந்தால் விருந்தாளி பட்டினிதான். ஒப்பந்தத்தில் எத்தனையோ பக்கம், யார் பெயர் முதலில் வர வேண்டும் என்பதற்கே நாலு பக்கம், ஆனால் உறைய வைப்பது யார் என்று ஒரு வரி இல்லை. தட்டில் இருக்கும் செல்கள் கிழடாகிக்கொண்டிருக்கின்றன. இனி ஒரே வழிதான். பச்சை மூடிக்காரருக்கு மறுபக்கத்திலும் கோணலாக ஒரு ஞானப் பல் இருக்கிறதாம், எப்படியும் ஒருநாள் எடுக்க வேண்டியதுதான் என்று கீழே டாக்டர் குறித்து வைத்திருக்கிறாராம். அதை இப்போதே தந்தால் ஆராய்ச்சி பிழைக்கும். இதை அம்மா சொன்னபோது என் நாக்கு தானாகவே போய் அந்தப் பல்லைத் தொட்டுப் பார்த்தது.

கொடையாளரைக் கெஞ்சிக் கடிதம் எழுத வேண்டும். யார் எழுதுவது? இணைப்பு அலுவலர். பெயர் தெரியாது என்பதால் 'பச்சை மூடிக் கொடையாளர் அவர்களுக்கு' என்று எழுதி ஒட்டி, கீழே நர்ஸிடம் கொடுத்தால் அவள் பதிவேட்டைப் பார்த்து முகவரி எழுதி அனுப்புவாள். கொண்டுபோவது யார்? அதுவும் நான். கொடுத்தால் என்ன ஆகும்? என் வீட்டுக்கே வரும், உன் தம்பி பெண்டாட்டி பிரித்துப் படிப்பாள், படித்த கையோடு என்னைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போவாள். அதனால் கடிதத்தை என் மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிட்டு, சில நாள் கழித்து இடது கையால் பதில் எழுதினேன். உடல்நிலை இடம் தரவில்லை என்று. விட்டார்களா? இரண்டாவது கடிதம். குடும்பச் சூழ்நிலை என்று பதில். மூன்றாவது கடிதத்தை உருக்கமாக எழுதச் சொன்னார்கள். மென்று சாப்பிட முடியாத முதியவர்கள், விழுந்து முன்பல் கருத்துப்போன பிள்ளைகள் என்று எழுதிக்கொண்டே போனேன். எழுதும்போது எனக்கே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. படித்துப் பார்த்த அம்மா, "இதைப் படிச்சா கல்லும் பல்லைக் குடுக்கும்" என்றார். அதையும் இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிட்டு, இடது கையால் 'மன்னிக்கவும்' என்று ஒரே ஒரு வார்த்தை எழுதினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்றால் என்ன என்று இப்போதுதான் தெரிகிறது. மறைப்பது கூடச் சிரமம் இல்லை, பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதுதான் சிரமம்.

அந்த 'மன்னிக்கவும்' முந்தாநாள் கூட்டத்தில் வாசிக்கப்பட்டது. அடேயப்பா, பச்சை மூடிக்காரர் வாங்கிய திட்டு! "ஒரு பல்லுக்கு இவ்வளவு பிகுவா?" என்றார் காலண்டர். "மனுஷ ஜென்மம்தானா?" என்றார் கணக்குப் பிரிவுக்காரர், அவருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, பிஸ்கட்டுக்காக வந்தவர். நான் சும்மா இருந்தால் சந்தேகம் வருமே என்று நானும் "கல்நெஞ்சம் சார், இதெல்லாம் ஒரு பொறப்பா" என்று இரண்டு போட்டேன். காலண்டர் பையை மூடினார். "மாசக் கடைசிக்குள்ள பல்லு வரலன்னா எங்க கம்பெனி வெலகிக்கும் மேடம்" என்றார். அம்மா "பார்க்கலாம்" என்றார், ஆனால் குரலே எழும்பவில்லை. அப்போதுதான் அதுவரை மூலையில் பேசாமல் இருந்த மாணவி வாயைத் திறந்தாள். தன் உழைப்பெல்லாம் போகப்போகிறதே என்று அழுவாள் என்று நினைத்தேன். அவள் சொன்னாள், "அவங்களுக்குப் பயமா இருக்கும் சார். பயப்படறவங்களைத் திட்டக் கூடாது."

அக்கா, என்னை யாரும் இதுவரை அப்படிச் சொன்னதில்லை. நீ கூடச் சொன்னதில்லை. என்ன செய்கிறேன் என்று தெரியாமலே எழுந்து நின்று, "வருவார்! கொடையாளர் வருவார்! அடுத்த வெள்ளிக்கிழமை காலையில வந்து பல்லைக் குடுப்பார், அதுக்கு நான் பொறுப்பு!" என்று சொல்லிவிட்டேன். எல்லாரும் கை தட்டினார்கள். காலண்டர் பையைத் திறந்து தேதியைக் குறித்துக்கொண்டார். மாணவி கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைக் கும்பிட்டாள். நான் உட்காரப் போனேன், நாற்காலி இருந்த இடத்தில் இல்லை, தரையில் உட்கார்ந்தேன்.

அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஐஸ் போடுகிற மிஷின் சத்தம் கேட்டால்கூடப் பல் துளைக்கிற சத்தமாகக் கேட்கிறது. கண்ணாடி முன்னால் வாயைத் திறந்து வைத்துப் பழகிக்கொண்டிருந்தேன், உன் தம்பி பெண்டாட்டி பார்த்துவிட்டு "கொட்டாவி வந்தா விட்டுத் தொலைங்க, ஏன் அரை மணி நேரமா யோசிக்கிறீங்க" என்றாள். நேற்று மதியம் கீழே யாரும் இல்லாத நேரம் பார்த்து அந்த நாற்காலியை ஒரு தடவை பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன். பயத்தை நேருக்கு நேர் பார்த்தால் போய்விடும் என்கிறார்களே, சொன்னவனைக் கூட்டிக்கொண்டு வா. காலை நீட்டிக்கொண்டு, விளக்கைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு, ஆளைப் பிடிக்கத் தயாராகக் கிடக்கிறது. பக்கத்துத் தட்டில் துணி மூடியிருந்தது. துணிக்குள் என்ன என்று எனக்குத் தெரியும். தரையைத் துடைத்துக்கொண்டிருந்த அம்மா, "சும்மா உக்காந்து பாருங்க சார், மெத்து மெத்துனு இருக்கும்" என்றது. ஓடி வந்தவன் மூன்றாவது மாடியில்தான் நின்றேன், என் அறை இரண்டாவது மாடியில் இருக்கிறது. வழியில் பல் டாக்டர் எதிரே வந்து, சிரித்து, என் கன்னத்தையே பார்த்தார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்தான், ஒத்துக்கொள்கிறேன், ஆனால் அவர் நிஜமாகவே கன்னத்தைத்தான் பார்த்தார்.

என்னால முடியாது அக்கா. சத்தியமா முடியாது. ஓடினால் அந்தப் பெண்ணின் முகத்தில் எப்படி முழிப்பேன்? ஓடாவிட்டால் உயிரோடு எப்படி இருப்பேன்? இரண்டையும் யோசித்து யோசித்து, கடைசியில் உயிர்தான் ஜெயித்தது. ஆகவே உன்னிடம் கையேந்துகிறேன். வெள்ளிக்கிழமை காலையில் அலுவலகத்துக்குப் போன் செய்து, உனக்கு நெஞ்சுவலி, உடனே தம்பி வர வேண்டும் என்று சொல்லிவிடு. குரல் கொஞ்சம் நடுங்கட்டும். அத்தானைப் பக்கத்தில் நின்று அழச் சொல். அவருக்கு அழ வராது, குறைந்தது இருமவாவது சொல். நான் அன்றைக்கே கிளம்பி உன் வீட்டுக்கு வந்துவிடுகிறேன். மாசக் கடைசி வரை மாடி அறையில் படுத்துக்கொள்கிறேன், தொந்தரவு தரமாட்டேன், கெட்டியாக எதுவும் சாப்பிடக் கூட மாட்டேன். கூடப் பிறந்த பாவத்துக்கு இதை மட்டும் செய்.

அத்தானுக்கு என் பணிவான வணக்கத்தைச் சொல். பிள்ளைகளுக்கு என் ஆசி, தினமும் இரண்டு வேளை பல் துலக்கச் சொல், மாமாவின் கதி அவர்களுக்கு வர வேண்டாம். மூத்தவளான நீ என் தலையில் கை வைத்து, இவன் நீண்ட நாள் இருக்கிற பல்லோடு இருக்கட்டும் என்று வாழ்த்து.

உன் ஆசியை நம்பி உயிர் வாழும்,
உன் அன்புத் தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டி, தபால்தலை ஒட்டி, வாசல் வரை போனவன் திரும்பி வந்து பிரித்து எழுதுகிறேன். மாடிப்படியில் மாணவி மூச்சிரைக்க எதிரே ஓடி வந்தாள். நிறுவனம் எந்தச் செல்லைத் தொட்டாலும் அதன் குரோமோசோமைச் சோதித்துப் பார்ப்பது அவர்கள் வழக்கம். அதை நாங்கள் செய்யாமல் "பார்க்கலாம்" என்று விட்டிருந்தோம். அவர்கள் முடிவு இன்றைக்கு வந்திருக்கிறது. "சார், பச்சை மூடிக்காரர் ஆம்பளை இல்ல சார், ஒரு அம்மா!" என்றாள். அன்றைக்குக் கீழேயிருந்து மேலே போனது இரண்டே இரண்டு பல். அக்கா, அது உன் பல். பூஞ்சை பிடித்ததுதான் என்னுடையது. மூன்று தடவை துலக்கியும் பூஞ்சை. நீ இனிப்பு ரொட்டி தின்றுவிட்டு வந்தும் முதல்.

மேலே எழுதியதில் ஒன்றையும் நம்பாதே. நாற்காலி மெத்து மெத்தென்று இருக்கும், துடைக்கிற அம்மாவே சொல்லியிருக்கிறது. ஊசி எறும்பு கடித்த மாதிரி. நெஞ்சுவலி என்று போன் செய்யாதே, செய்தால் நான் நம்பமாட்டேன். இழுப்பறையிலிருந்த மூன்று கடிதத்தையும் இப்போதுதான் நர்ஸிடம் கொடுத்துவிட்டு வந்தேன், இதோடு சேர்ந்தே வரும். நேரமில்லை என்றால் மூன்றாவதை மட்டும் படி. மூன்றுக்கும் நீ மாட்டேன் என்று இடது கையால் பதில் எழுதியதாக இங்கே ஒரு பேச்சு இருக்கிறது, கண்டுகொள்ளாதே. கல்நெஞ்சம், இதெல்லாம் ஒரு பிறப்பா என்று நான் சொன்னது, தெரியாமல் சொன்னது.

இதையெல்லாம் எழுதிவிட்டு அறையில் உட்கார்ந்திருந்தேன். சந்தோஷப்பட வேண்டியவன், ஆனால் நீ வீங்கிய முகத்தோடு ஒரு வாரம் படுத்துக்கிடந்தது என்னால் என்பது இப்போதுதான் உறைக்கிறது. உனக்கும் அன்று பயமாகத்தான் இருந்திருக்கும், என் கையைப் பிடித்தது எனக்காக மட்டும் இல்லை. நீ வரமாட்டேன் என்றால் வர வேண்டாம். எவனும் உன்னை ஒரு வார்த்தை பேச விடமாட்டேன், ஒப்பந்தம் முறிந்தாலும் சரி. வருவதானால் வெள்ளிக்கிழமை காலையில் வா. பக்கத்து நாற்காலியில் நான் உட்காருகிறேன், நீ என் விரலை நெரி. எனக்கும் அந்தப் பக்கம் ஒரு பல் கோணலாகத்தான் இருக்கிறது, டாக்டரிடம் சொல்லி வைத்துவிட்டேன். உட்காருவது நிச்சயம். வாயைத் திறப்பேனா என்பதை மட்டும், பேராசிரியர் அம்மா சொல்வது போல, பார்க்கலாம்.